தெளிந்த முகம்

எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "பீடி, சிகரெட் பழக்கம் எதுனா உண்டா?" நான் என்ன, கஞ்சா சிலும்பி பிடிக்கிற சாமியாரா? அடி அண்ணாமலையில் இட்லிக் கடை போட்டு, அடுப்படியிலேயே வெந்தவள். வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஆனாலும் நோய் வந்தது. வந்ததும், நான் மாவைத் தொட்டால் இட்லி வேண்டாம் என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். ஒட்டாத நோய் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் அருணாதேவி கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு, தினமும் ஒரு மாத்திரை என்றார்.

"கெணத்து மோட்டரு சுவிட்சு ஒட்டிக்கிச்சுன்னா நிக்காம ஓடும் இல்லம்மா? உங்க கட்டியில 'வளரு வளரு'ன்னு சொல்ற சுவிட்சு அப்படி ஒட்டிக்கிட்டிருக்கு. இந்த மாத்திரை போய் அதை நிறுத்தும். அதே மாதிரி சுவிட்சு தோல்லயும் கொடல்லயும் இருக்கு. அங்கயும் கை வெக்கும். பரு வரும், வயிறு போகும். ஜாஸ்தியானா போன் பண்ணுங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க."

என் வீட்டுக்காரர் திருமலை பலமாகத் தலையாட்டினார். அவருக்கு மோட்டார் புரிந்துவிட்டது. பரு என்றால் வயசுப் பிள்ளைகளுக்கு வருமே, அதுதான் என்று நினைத்துக்கொண்டார். நானும்தான்.

மாத்திரை ஆரம்பித்துச் சில நாளிலேயே இருமல் மட்டுப்பட்டது. அதன் பிறகுதான் முகத்தில் வந்தது. மூக்கு, கன்னம், மண்டை, மார்பு என்று ஓரிடம் விடாமல் சிவந்து, நுனியில் சீழ் கோத்த கொப்புளங்கள். தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை.

என்னைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனார் ரேணுகாம்பாள் வந்தார். வாசலிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டேய் திருமல, ஆத்தா எறங்கியிருக்கா. முத்து முத்தா போட்டிருக்கா. நீ இன்னாடான்னா மாத்திர குடுத்துக்கினு இருக்கியே."

"டாக்டரம்மா பரு வரும்னு சொன்னாங்கக்கா."

"இதுவாடா பரு? அம்மை போட்ட ஒடம்புக்கு மருந்து குடுக்கலாமா? ஆத்தா கோவிச்சுக்கினா தாங்குவியா?"

புற்றுநோயைத் திருமலை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆத்தாவின் கோபத்தை யாரிடம் ஒப்படைப்பார், பாவம்? மாத்திரை டப்பா பரணுக்குப் போனது. டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "தண்ணி ஊத்தினப்புறம் போடலாம் கஸ்தூரி, ஆத்தா இருக்கும்போது வேணாம்" என்றார்.

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். எனக்கும் வேப்பிலைப் படுக்கை. கடையை மூடினார்கள், வீட்டில் தாளிப்பு நின்றது. என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கும் பக்கத்து வீட்டு உண்ணாமலை, வாசல்வரை வந்து இளநீர் வைத்து, நான் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. நோயாளியாக இருந்து இருந்து அலுத்தவளுக்குக் கொஞ்ச நாள் சாமியாக இருக்கக் கசக்குமா?

முகம் ஆறியது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். "பாத்தியா, ஆத்தா குளுந்துட்டா" என்றார் நாத்தனார். திருமலை என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, கண் கலங்கச் சிரித்தார். பரணிலிருந்து மாத்திரையை எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, மூன்றாவது தண்ணீரும் ஊற்றட்டும் என்று நாத்தனார் சொன்னார். அதற்குள் இருமல் திரும்பிவிட்டது. கொல்லையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்போதுதான் சென்னைக்குக் கிளம்பினோம்.

டாக்டர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்ட முகத்தைப் பார்த்து அவர் ஒருவர்தான் சந்தோஷப்படவில்லை.

"மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

திருமலை நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உள்ளே போனது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. நுரையீரலைச் சுற்றி நீரும் சேர்ந்திருந்தது.

"அது அம்மை இல்லீங்க, மாத்திரையால வந்தது. அப்படி வந்தா பெரும்பாலும் மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீரை எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். முன்ன மாதிரி கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

"பரு வரலன்னா டாக்டர்?" என்றார் திருமலை.

"வராமலும் சில பேருக்கு வேலை செய்யும்."

அந்தப் பதில் அவர் காதில் ஏறவில்லை. நீரை எடுத்து முடித்துத் திரும்பும் பஸ்ஸில் செஞ்சி வரும்வரை ஸ்கேன் கவரை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தார். பிறகு, "நானே கெடுத்துட்டேன்" என்றார்.  ஆமாம் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சண்டை போடக்கூட மூச்சு வேண்டியிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மாத்திரையை அவரே எடுத்துத் தருகிறார். காலையில் கடை அடுப்பைப் பற்றவைக்கும் முன் என்னைக் கொல்லைக் கதவோரம் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார். பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு பார்த்ததில்லை. முகம் துடைத்து வைத்த தட்டாக இருக்கிறது. "நாளைக்கு வரும்" என்று எழுந்து போவார். எனக்கு மூச்சு வாங்குவது குறையவில்லை.

இன்று பார்த்துக்கொண்டே இருந்தவர் என் மோவாயை இன்னும் வெளிச்சத்துக்கு இழுத்தார்.

"கஸ்தூரி, மூக்கோரம் ஒண்ணு வந்திருக்கு. செவப்பா."

விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். அழுத்தினால் எனக்கு வலிக்குமோ என்று உடனே எடுத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, அக்காவிடம் சொல்ல வாசலுக்கு ஓடினார். "வந்துடுச்சுக்கா, மருந்து புடிச்சிடுச்சு" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது.

கொசு கடித்தது அது. விடியற்காலையில் நானே அதை அடித்தேன், உள்ளங்கையில் ரத்தம்கூட இருந்தது. அவர் திரும்பி வந்து எனக்கு இட்லி வைத்தார். நான் சாப்பிட்டேன்.