யார் வீட்டுக்கு?

“யாரு வீட்டுல தங்கப் போறீங்க?”

கண்ணாடிக்கு அப்பால் இருந்த குடியேற்ற அதிகாரி கேட்டபோது கிளாடெட் பாஸ்கம் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கம்தான் வினையாகிப் போனது. ஜார்ஜ்டவுனில் விமானம் ஏறியதிலிருந்து பார்படோஸில் இறங்கும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்தான், மகள் வீட்டில். ஆனால் மகள் என்று தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கித்தான் சொல்லி முடித்தாள். அதுவரை கடவுச்சீட்டையே புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சட்டையில் ஆலின் என்று பெயர் குத்தியிருந்தது. மகளுக்கு என்ன வேலை என்று கேட்டாள். ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் என்றாள் கிளாடெட், இப்போதும் அங்கேதானா என்று தெரியாமலேயே. மருமகன் பெயர் டெரில். முழுப்பெயர் தெரியவில்லை.

“மகள் வீட்டுக்கு வர்றீங்க. மருமகன் பேரு முழுசா தெரியாதாம்மா?”

கடுமையாகக் கேட்கவில்லை. விருந்தாளி என்று வந்து இறங்கி யார் வீட்டிலாவது சமையலுக்குச் சேர்ந்துவிடும் பெண்களைத் தினமும் பார்க்கிறவளின் அலுப்பு அது. மகளின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, சுவரோரப் பெஞ்சைக் காட்டினாள்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். அவள் நாட்டுக்காரன்தான், பெர்பீஸ் பக்கம், கொத்தனார், ராம்லகன் என்று தானே சொன்னான். அவனை வேலைக்கு அழைத்த மேஸ்திரி தொலைபேசியை எடுக்கவில்லையாம். “இந்தப் பெஞ்சை நம்ம ஊர்க்காரங்க பேருல பட்டா போட்டுட்டாங்க, ஆன்ட்டி. நல்லா சாஞ்சு உக்காருங்க” என்றான். கிளாடெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்குள் ஆலின் தொலைபேசியைக் காதில் வைப்பதையும், உதடு அசைவதையும், புருவம் சுருங்குவதையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வருவது மகள் ஷொனெலுக்குத் தெரியாது. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஷொனெல் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள் என்ற செய்தியும் இந்த எண்ணும் விலாசமும் தேவாலயத் தோழி ஒருத்தி மூலம் கிடைத்தவை. கூப்பிட்டுக் கேட்டால் வராதே என்பாள். வாசலில் போய் நின்றுவிட்டால் துரத்தமாட்டாள் என்று நம்பித்தான் புறப்பட்டாள். மகளின் வாசல் இந்தக் கண்ணாடியிலேயே தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆலின் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“முதல்ல ஒரு ஆள் எடுத்தாரு. யாரும் வர்றதா தெரியாதுன்னாரு. இப்ப உங்க பொண்ணு லைன்ல இருக்காங்க.” கடவுச்சீட்டை மூடினாள். “அவங்க சரின்னு சொல்லலைன்னா சாயங்கால விமானத்துல உங்களைத் திருப்பி அனுப்பணும். புரியுதா?”

கிளாடெட் தலையசைத்தாள். ரிசீவரில் மகளின் குரல் கசிந்தது. சொற்கள் பிடிபடவில்லை, குரல் மட்டும் பிடிபட்டது.

“தனியா வந்தீங்களா, அவரும் கூட வந்திருக்காரான்னு கேக்குறாங்க.”

“தனியாத்தான். அவர் இப்ப என் வீட்டுல இல்ல.”

அவர் என்றால் கிளாடெட்டின் இரண்டாவது கணவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாத இருபத்திரண்டு வயதில், ஒரு நாள் அடுப்படியில் வந்து நின்று, அவர் தன் மேல் கை வைக்கிறார் என்று ஷொனெல் சொன்னாள். கிளாடெட் மகளின் கன்னத்தில் அறைந்து, வாயைக் கழுவச் சொன்னாள். அந்த வாரமே ஷொனெல் பெட்டியைக் கட்டினாள். போன மாதம், தையல் கற்க வரும் பக்கத்து வீட்டுப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில் அதையே சொன்னாள். அன்று மாலையே அவருடைய துணிமணிகள் தெருவுக்குப் போயின.

ஆலின் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினாள், திறந்தாள். வரிசையில் வெயில் தொப்பி போட்ட தம்பதி கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆலின் குரலைத் தாழ்த்தினாள்.

“இது என் வேலை இல்ல, அம்மா. ஆனா பதில் தெரியாம சரின்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. ‘அன்னிக்கு நான் சொன்னது உண்மையா பொய்யா’ன்னு உங்களைக் கேக்கச் சொல்றாங்க.”

இதை வீட்டுக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள் கிளாடெட். பாத்திரம் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தோடு. இப்போது பின்னால் வரிசை நின்றது. பெஞ்சில் ராம்லகன் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“உண்மை” என்றாள்.

ஆலின் அதை எடுத்துச் சொல்லவில்லை. கண்ணாடியின் கீழ்ச் சந்து வழியாக, கம்பி எட்டுமட்டும் ரிசீவரை வெளியே நீட்டினாள். கிளாடெட் குனிந்து அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“உண்மைதான் ஷொனெல். நான்தான் நம்பல. நம்பினா அந்த வீட்டுல நான் எப்படி இருக்கிறதுன்னு நம்பல.”

மறுமுனையிலிருந்து, “அந்த மிஸ்கிட்ட போனைக் குடு.”

ஆலின் இரண்டு முறை ‘ம்’ கொட்டிவிட்டு முத்திரை குத்தினாள். “ஒரு வாரம். வர்றேன்னாங்க. வேற எதுவும் சொல்லல” என்று கடவுச்சீட்டை நீட்டினாள்.

சுங்கத்தில், உணவுப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றாள், மறைக்கத் தெம்பில்லை. பிள்ளைக் குளியலுக்கென்று கட்டியிருந்த பச்சிலைகளை அதிகாரி எடுத்து ஒதுக்கினார். மரவள்ளிச் சாறு காய்ச்சிய கறுப்புக் குழம்புப் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். அடியில் கையகலச் சட்டைகள், எல்லாம் மஞ்சளும் வெள்ளையும்.

“விக்கவா?”

“பேரப்பிள்ளைக்கு.”

“பொண்ணா, பையனா?”

“எனக்குத் தெரியாது, சார்.”

அவர் சட்டைகளை மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்கி, பெட்டியை மூடிக் கொடுத்தார்.

வெளியே உப்புக்காற்றும் வெயிலும் முகத்தில் அறைந்தன. வரவேற்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து, கலைந்து, போய் முடிந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நீலக் கார் நடைபாதையோரம் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஷொனெல். கழுத்தும் முகமும் உப்பியிருந்தன, வயிறு ஸ்டியரிங் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் இறங்கவில்லை, நேரே சாலையையே பார்த்திருந்தாள். பின்பக்க மூடி மட்டும் தானே எழும்பியது. கிளாடெட் பெட்டியைத் தூக்கி வைத்து மூடினாள். சுற்றி வந்து, மகளுக்குப் பக்கத்து இருக்கையின் கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள். பூட்டியிருந்தது. கைப்பிடி வெயிலில் சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.