கணவர் பாஸ், மனைவி படுக்கை

1
இந்தக் கதை மருத்துவமனை லிஃப்டில் கிடைத்தது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னிடம், "என் லைசென்ஸுதாங்க அவளைப் படுக்க வச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார். மீதியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2
'அந்திவானம் சிவந்த வேளையில் அவள் இதயம்...'

(வேண்டாம். நடந்தது காலையில். வானத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் லைசென்ஸ் தேர்வில் கணவர் ரிவர்ஸ் எடுப்பதில் இருந்தது.)

3
மனைவி கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியை. குப்பை லாரியில் மோதப்போகும் மாணவரிடமும் தாலாட்டுக் குரலில் "பதறாதீங்க" என்பவர். ஓய்வுபெற்ற கணவர் கற்க வந்ததும் தாலாட்டு அறுந்தது.

"ஏங்க, அது வைப்பர்!"

"இண்டிகேட்டர்னுதான் போட்டேன்."

"மழையே இல்லாம கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே திரும்புனா எதிர்ல வர்றவன் என்ன நினைப்பான்?"

"சுத்தமான ஆளுன்னு நினைப்பான்."

(இவரைக் கோமாளியாக்குகிறேனோ? ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து மனைவியேதான் ஓட்டுகிறார். ஒருநாளாவது அவரை உட்காரவைத்து ஓட்டவேண்டும் என்பது கணவரின் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை.)

4
மூன்று முறை கோட்டைவிட்டவரிடம் அன்று தேர்வு அதிகாரி, "பாஸ்" என்றார். வேலியோரம் நின்ற ஆசிரியை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"மாரடைப்பு மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா ரத்தக்குழாய்ல அடைப்பே இல்ல" என்றார் மருத்துவர். "அதிர்ச்சியில இதயத் தசை தளர்ந்து, அடிப்பக்கம் பானை மாதிரி உப்பியிருக்கு. பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். என்ன அதிர்ச்சிம்மா?"

"இவர் பாஸாயிட்டாருங்க."

மருத்துவர் சிரிக்கவில்லை. "சந்தோஷத்துலயும் இது வரும்."

அவர் போனதும் கணவர் மெதுவாகக் கேட்டார்: "சந்தோஷமா, பயமா? உண்மையச் சொல்லு."

ஆசிரியை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். (சிரித்தாரா, தெரியவில்லை. எனக்கு முதுகுதான் தெரிகிறது.)

5
முடிவு ஒன்று: குற்ற உணர்வில் கணவர் லைசென்ஸைக் கிழித்தெறிந்து... (பிளாஸ்டிக் அட்டை. கிழியாது.)

முடிவு இரண்டு: இருவரும் டாக்ஸியில்...

(இதை ஆசிரியையே ஏற்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, சில வாரம் மனைவி கார் ஓட்டக்கூடாது என்றார்கள். வாசலில் கணவர் தயங்கினார்.

"டாக்ஸி கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? நீங்கதான் பாஸாச்சே."

சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.)

கணவர் வண்டியைக் கிளப்பினார். அது ஒருமுறை குலுங்கி...

இதற்குமேல் எழுத என் நெஞ்சு தாங்காது. பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது. தைரியமிருந்தால் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.