செத்த செல் போட்ட சத்தம்

"மண்ணுல புதைச்ச பேட்டரியக்கூட எழுப்பி உட்கார வச்சு வேலை வாங்கும் மாப்பிள. இது மட்டும் இருந்தா எலுமிச்சம்பழத்துல ரயிலே ஓட்டுவேன்" என்றார் மாமனார்.

கையில் இருந்தது நகத்தளவு சர்க்யூட் பலகை. பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்குமாம். அதை வைத்து அவரே செய்த புகை அலாரம் மாமியார் தூங்கும் பின்னறையில் தொங்கியது.

"ரயில் எத்தனை மணிக்கு மாமா?" என்றார் மாப்பிள்ளை. அதோடு விட்டிருக்கலாம். பெரியவர் அசந்த நேரத்தில் அலாரத்தின் புது பேட்டரி செல்லை டிவி ரிமோட்டுக்கு மாற்றினார். ரிமோட்டில் செத்துக் கிடந்ததை அலாரத்தில் திணித்தார். அடுத்த சோதனையில் மாமனாரின் மூக்கு உடையட்டும்.

மதியம் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். டிவி முன்னால் இருந்த மாப்பிள்ளைக்கு லேசாக ரப்பர் கருகும் வாடை வந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று சேனலை மாற்றினார்.

அப்போது பின்னறையிலிருந்து அலாரம் அலறியது.

அவர் துள்ளி எழுந்தார். அலாரத்துக்குள் கிடப்பது செல்லின் பிணம் என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்? கதவைத் தள்ளினால் அறை முழுக்கப் புகை. மெத்தையோரம் ஒயர் உருகிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு, இருமிய மாமியாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் மாமனார் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையே சொன்னார்: "நான் போட்டது செத்த செல்லுதான் மாமா. ஆனா கத்துச்சு. என் காதால கேட்டேன்."