போடியில் வைத்த செட்டிங்

திங்கள்கிழமை பதினோரு மணிக்குள் இரண்டாவது தடவையாக வேல்முருகன் அண்ணன் மெஷினைத் தூக்கிவந்து ஷெட் வாசலில் என் காலருகே போட்டார். கொழுந்து வெட்டும் மெஷின் அது. தேயிலை நிரையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்து, செடிக்கு மேலாக நடத்திக்கொண்டு போக வேண்டும். என்ஜின் அவர் பக்கம். ஆக்சிலேட்டரும் அவர் கையில்தான்.

"சும்மா நிக்கும்போது நல்லாத்தான் ஓடுது. வெட்டப் போனா திக்குது," என்றார். "உன்னைய மாதிரியே."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குத் திக்குவாய் கிடையாது. யாராவது உரக்கக் கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

சூரியநெல்லியில் இந்த மெஷின் ஷெட் சாவி என்னிடம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அதற்கு முன் அம்மாவோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வகுப்பில் சின்ன என்ஜின் ரிப்பேர் படிக்கிறேன் என்று தெரிந்து, ஃபீல்டு ஆபீசர் ஜெகன் சார் என்னை இங்கே மாற்றினார். "மூணு மாசம் பாப்போம்," என்றார். அந்தக் கெடு இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. மெஷின் ஓடாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நிரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பழைய கார்புரேட்டர் விரிசல் விட்டிருந்தது. அதே கம்பெனி சாமான் கிடைக்காததால் வேறு கம்பெனியுடையதை வாங்கி நானே மாட்டினேன். ஆனால் அதில் பெட்ரோலின் அளவை வைக்க இரண்டு ஸ்க்ரூ உண்டு. என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவற்றைத் திருப்ப வேண்டும். என் காதை நான் நம்பவில்லை. அதனால் போன சனிக்கிழமை என்ஜினை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மலையிறங்கிப் போடிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் செட்டிங் வைத்துக் கொடுத்தார். தொட்டதும் உறுமியது. "யாரும் கை வைக்காமப் பாத்துக்கம்மா," என்றார்.

ஆகவே கோளாறு நான் செய்த வேலையில்தான் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். திங்கள்: ப்ளக் மாற்றினேன். கழற்றியது கறுப்பாக, ஈரமாக இருந்தது. திணறல் அப்படியே. செவ்வாய்: பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஆயில் அளந்து புதிதாகக் கலந்தேன். ஃபில்டரைக் கழுவினேன். திணறல் அப்படியே. புதன்: கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். எங்கேயும் காற்றை உறிஞ்சவில்லை. புது ப்ளக்கும் கறுப்பாக ஈரமாகியிருந்தது. எழுதிவைத்தேன்.

என் வேலை சரி. மெக்கானிக் வைத்ததும் சரி. அப்படியானால் ஸ்க்ரூவை யாரோ திருப்பியிருக்கிறார்கள். வேல்முருகன் அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் இருக்கும்.

வியாழக்கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரிப்பதற்காக எல்லாரும் கூடி நிற்கும்போது, மெஷின் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று ஜெகன் சார் என்னைக் கேட்டார். அன்றைக்குப் பதில் சட்டென்று வந்தது.

"ஸ்க்ரூவத் திருகியிருக்காங்க சார். மெஷின் இவரு கையிலதான இருக்கு."

"எஞ் சோத்துல நானே மண்ணப் போடுவேனா?" என்றார் வேல்முருகன் அண்ணன்.

சார் யோசிக்கவே இல்லை. அவரைப் பார்த்து, "திங்கக்கிழமையில இருந்து நீ மருந்தடிக்கப் போ. மெஷினுக்கு வேற ஆள் பாக்குறேன்."

அண்ணன் என் காலுக்கு ஒரு முழம் தள்ளிக் காறித் துப்பினார். அவருக்கு எதிர்க் கைப்பிடி பிடிக்கும் சுருளியம்மாள் அக்கா கிட்டே வந்தாள்.

"அவன் திருகினத நீ பாத்தியா?"

"பாக்கலக்கா."

"பாக்காமயா சொன்ன? நல்லா இருடி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்புக்குக் கார்புரேட்டரைக் கழற்றி எடுத்துப் போனேன். ஸ்க்ரூ நகர்ந்திருப்பதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பெட்ரோலில் பிரஷ் தொட்டு அழுக்கைத் தேய்த்தேன். தேயிலைத் தூசிக்கும் எண்ணெய்க்கும் அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நோட்டில் போன சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். சந்தேகமே இல்லாத பக்கம் என்பதால் வாரம் முழுக்க அதை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

'செட்டிங் வைத்தபின் இரண்டு ஸ்க்ரூவிலும் குறுக்கே மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டார்' என்று என் கையெழுத்தில் இருந்தது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து பாடிவரை இரண்டு கோடும் முறியாமல் இருந்தன. யாரும் தொடவில்லை.

நான்கு வரி கீழே: 'போடியில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலையேறிப் பூப்பாறை வரும்போது வெடிப்பதுபோல் உப்பியிருந்தது.'

மலைமேல் காற்று லேசு. கீழே இருக்கிற காற்றுக்கு அளந்த பெட்ரோல் இங்கே அதிகம். அதனால்தான் ப்ளக் இரண்டும் ஈரம். வகுப்பில் ஷீனா பக்கத்து பெஞ்சிலிருந்து, "என்ன, காய்ச்சலா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சனிக்கிழமை பெரட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மெஷினை மாட்டி ஓட்டினேன். கோடுகளை முறித்து, பெட்ரோல் குறைய ஸ்க்ரூக்களை அரைக்கால் சுற்று உள்ளே திருகினேன். திணறல் பாதியானது. இன்னும் கொஞ்சம். ரொம்பக் குறைந்துபோனால் என்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்று நூல் நூலாகத் திருப்பினேன். மூன்றாவது தடவை ஆக்சிலேட்டரைத் திறந்ததும் திக்காமல் வேகம் எடுத்தது. பத்து நிமிடம் ஓட்டி ப்ளக்கைக் கழற்றினேன். காய்ந்து, தேயிலைத்தூள் நிறத்தில் இருந்தது.

மஞ்சள் கோட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. திருகியிருந்ததைச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் சாவி என்னிடமே இருக்கும். ஷெட்டிலிருந்து பெரட்டுக் களம்வரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் இருந்தது.

சார் ஓட்டிப் பார்த்தார். "அப்ப ஸ்க்ரூதான் கோளாறா?"

இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க, சாயங்கால என்ஜினியரே," என்றார் வேல்முருகன் அண்ணன்.

"யாரும் திருகல சார். போடியில வச்ச செட்டிங் இங்க ஆகல. நான்தான் அங்க கொண்டுபோனேன். அண்ணன் தொடவே இல்ல."

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

"தெரியாமச் சொன்னேன்."

சார் என்ஜினை அணைத்தார். "ஒனக்கே ஒன் வேலை மேல நம்பிக்கை இல்ல. பழிய மட்டும் நம்பிக்கையாப் போடுற. சாவியக் குடு." கொடுத்தேன். "சுருளியம்மாளுக்கு முட்டி வலி. நீ போயி அந்தக் கைப்பிடியப் பிடி."

"இவகூடயா?" என்றார் அண்ணன். "எனக்கு மருந்தடியே தேவல சார்."

"ரெண்டு பேரும் போங்க."

நிரையில் எதிரெதிரே நின்றோம். "மன்னிச்சிருங்கண்ணே," என்றேன்.

"எல்லாரு முன்னாடியும் சொன்ன, எல்லாரு முன்னாடியும் இல்லைன்னுட்ட. அதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காத. எம் பொண்டாட்டி ரெண்டு நாளா என் சட்டைப் பையத் தடவுறா." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக் காம்பின் ஸ்க்ரூவை முடுக்கினார். மெஷின் அதிர்வில் அது தினமும் கழன்றுவிடும்போல. "இதுக்குத்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்புறம் ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்துவிட்டு நடந்தார். கைப்பிடி என்னை இழுத்தது. மெதுவாகப் போங்கள் என்று கேட்க முடியவில்லை. பாதி நிரையில், மீண்டும் வேகம் எடுக்கும்போது, என்ஜின் ஒரு கணம் தடுக்கியது. அவர் நின்று முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றேன். "பெட்ரோலக் கொறச்சது ஒரு நூல் கூடிப்போச்சு."

ஸ்க்ரூடிரைவரைத் தேயிலையின் மேல் எறிந்தார். "திருப்பிக் குடுத்துரணும்."

நிரையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய்க் குனிந்தேன். ஓடும் என்ஜினில் ஸ்க்ரூவை ஒரு நூல் வெளியே திருப்பினேன். அவர் ஆக்சிலேட்டரைத் திறந்தார். தடுக்காமல் எடுத்தது.

"குடு," என்று கையை நீட்டினார்.