ஓரத்தில் வந்த கை

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையின் முதல் பல் விழுந்தாலே மண்டபம் வேண்டும், கேக் வேண்டும், வீடியோ வேண்டும். ஆனால் ஒஸ்லோவில் எந்த வீட்டு அல்பத்தைப் புரட்டினாலும் அஜந்தாவின் மகள் கம்சிகாவைக் காண முடியாது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட நாளிலிருந்து, "படத்துக்கு நிக்காதை, ஆரும் காட்டிக்குடுத்திடுவினம்" என்று அஜந்தா மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். பயத்தில் மூன்று வருடம் பள்ளிக்கூடத்துக்கும் விடவில்லை.

இப்போது கம்சிகாவுக்கு வயது பத்தொன்பது. ஆறு வயதில் வந்தவள், இன்னும் விசா இல்லை. தாய்தகப்பன் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கலாமா, இவர்களுக்குக் கொடுத்தால் இன்னும் பலர் இதே வழியில் வருவார்களே என்று தொலைக்காட்சியில் அரசியல்வாதிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் பிறகு, என்றார் வழக்கறிஞர் எமிலியா. பள்ளிப் பதிவு இல்லாத அந்த மூன்று வருடமும் பெண் நோர்வேயில்தான் இருந்தாள் என்பதற்கு முதலில் ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் மனு நிற்காது.

"ஒரு படம்கூட இல்லையோ எண்டு கேக்கிறா, அம்மா," என்றாள் கம்சிகா.

காப்பாற்றுகிறேன் என்று சொல்லிப் பிள்ளையின் தலையில் அஜந்தா தானே மண் அள்ளிப் போட்டுவிட்டாளே!

கடைசியில் வீடியோக்காரர் குகதாசனிடம் ஓடினாள். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீட்டின் நிலவறை முழுக்க ஊரார் விழாக்களைச் சேர்த்து வைத்திருக்கும் மனிதர்.

"இஞ்சை எல்லாச் சாமத்தியவீட்டுக்கும் நீங்கள்தானே சமைக்க வந்தனீங்கள்? பிள்ளையும் கூடத்தானே வந்தவ? நான் வெட்டிக் கழிச்ச துண்டெல்லாம் கிடக்கு. வாங்கோ, பாப்பம்."

இரண்டு கிழமை தேடிப் பதினொரு துண்டுகள் எடுத்தார்கள். ஆலாத்தித் தட்டுகளுக்குப் பின்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கம்சிகா நின்றாள். மேடைச் சோடனையில் பூப்பெய்திய விழாப் பெண்ணின் பெயரும் திகதியும் பெரிய எழுத்தில் இருந்தன. துண்டுக்குத் துண்டு கம்சிகா கொஞ்சம் வளர்ந்திருந்தாள். எல்லாத் துண்டிலும் ஓரத்திலிருந்து ஒரு கை வந்து அவளை இழுத்துக்கொண்டு போனது.

எமிலியா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது போதும் என்றார். பிறகு அந்தக் கையைக் காட்டி நெடுநேரம் நோர்வே மொழியில் கதைத்தார். கேட்கக் கேட்கக் கம்சிகாவின் முகம் விழுந்துபோனது.

"என்னவாம்?"

"பிள்ளையை வேணுமெண்டு ஒளிச்சு வைச்சதுக்கு இதுதான் சாட்சி எண்டு குடிவரவுக்காரர் சொல்லுவினமாம். எனக்கு விசா கிடைச்சாலும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும். வேண்டாம் அம்மா. வேறை வழி பாப்பம்."

"வேறை வழி ஏது?" அஜந்தா திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுக் கம்சிகா சிரிக்கத் தொடங்கும்போதே கை வந்துவிட்டது. அஜந்தாவுக்கு வெட்கமாக இருந்தது. "முழுசாக் குடுக்கச் சொல்லு. அந்தக் கை என்ரை எண்டும் எழுதச் சொல்லு."

எமிலியா எழுதி, காகிதத்தை நீட்டினார். அஜந்தா அதே கையால் ஒப்பமிட்டாள்.