மேசைக்கு எதுவும் தெரியாது

அந்த அகராதிக் கம்பெனியில் அவனை எல்லாரும் ‘உதாரணம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதுவது பெரிய தலைகளின் வேலை. அதற்குக் கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் ஓர் உதாரண வாக்கியம் போடுவது அவன் வேலை. அதுவும் தற்காலிக வேலை. நிரந்தரமானால்தான் பெண் என்று வருங்கால மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். எஸ் எழுத்துப் பகுதி தகராறில்லாமல் முடிந்தால் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஸ்கல்டக்கரி வரும்வரை எஸ் பகுதி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

ஸ்கல்டக்கரி என்றால் தகிடுதத்தம். நேருக்கு நேர் ஏமாற்றினால் அதற்கு வேறு சொல் இருக்கிறது. நாலு பேருக்குத் தெரியாமல், முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு செய்தால்தான் ஸ்கல்டக்கரி. உதாரணம் பேனாவைக் கடித்து யோசித்து எழுதினான்: ‘பக்கத்து நாற்காலிக்காரரின் தகிடுதத்தம் ஒருநாள் வெளியே வந்தது.’

எழுதிய தாள் ஆபீஸை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் மேனேஜரிடம் போகும். பக்கத்து நாற்காலியில் இருந்த பிழை திருத்தும் அண்ணன் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிஸ்கட் டப்பா விஷயம் உனக்கு யாருப்பா சொன்னது?”

“எந்த டப்பா அண்ணே?”

அண்ணன் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். மீசையில் இருந்த பிஸ்கட் தூள் மட்டும் எதையும் மூடவில்லை. “வாக்கியத்தை மாத்திடு,” என்றார்.

மாற்றினான்: ‘அந்த அம்மாளின் தகிடுதத்தத்தை யாரும் கவனிக்கவில்லை.’

கணக்குப் பார்க்கும் அக்கா தாளோடு வந்து நின்றாள். “ஏசி ரிமோட்டை நான் ஒளிச்சு வெச்சிருக்கேனான்னு நேரா கேக்கலாமே தம்பி. இப்படிப் புஸ்தகத்துல போட்டுத்தான் நாறடிப்பியா?”

வெயில் காலம் பூராவும் ஆபீஸே குப்புறப் படுத்துத் தேடிய ரிமோட் அது.

“இல்லக்கா, இது அகராதிக்கு...”

“அகராதிக்கு நான்தான் கிடைச்சேனா? எனக்குக் குளிருதுப்பா.”

மனுஷனை வைத்து எழுதினால் யாராவது ஒருத்தர் உரிமை கொண்டாடி வந்துவிடுகிறார்கள் என்பது அவனுக்குப் பிடிபட்டது. வாயில்லாத ஒன்றைத் தேடினான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேனேஜரின் புது மேசை பளபளத்தது. எழுதினான்: ‘இந்தத் தேக்கு மேசைக்கு எந்தத் தகிடுதத்தமும் தெரியாது.’

அண்ணனும் அக்காவும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். தாள் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் அழைப்பு வந்தது.

“கதவைச் சாத்து,” என்றார் மேனேஜர். இரண்டு முழங்கையையும் மேசைமேல் பரப்பி, அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். “தேக்குன்னு ஏன் குறிப்பா எழுதின?”

“மேசை வந்த அன்னிக்கு எல்லாரையும் நிக்கவெச்சு நீங்கதான் சார் தேக்குன்னு சொன்னீங்க. கம்பெனி காசு வீண் போகலைன்னு.”

“வேற யாராவது தட்டிப் பாத்தாங்களா?”

“எதை சார்?”

மேனேஜர் கண்ணைச் சுருக்கி, ஏதோ புரிந்த மாதிரித் தலையாட்டினார். அதுவரை ‘ஏய் உதாரணம்’ என்று இருந்தவன் திடீரென்று தம்பியானான். “விவரமான ஆளுதான் தம்பி நீ,” என்று இழுப்பறையிலிருந்து உத்தரவை எடுத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த அழுத்தத்தில் மேசையின் மூலை பெயர்ந்து அவன் செருப்பருகே விழுந்தது. உள்ளே முழுக்க மரத்தூள் அட்டை.

மேனேஜரின் முகம் பச்சைக் குழந்தை மாதிரி ஆனது. பொருள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று உதாரணத்துக்குத் தோன்றியது. கையில் உத்தரவு இருந்தது. அவன் முகமும் மெல்ல அப்படியே ஆனது.

“ஃபேன் நல்லா சுத்துது சார்.”

“ஆமா தம்பி. நல்ல ஃபேன்.”

வாக்கியத்தில் ‘தேக்கு’ மட்டும் அடிபட்டது. எஸ் பகுதி அச்சுக்குப் போனது.

சாயங்காலம் மாமனாருக்கு போன் போட்டான்.

“நிரந்தரமா? சபாஷ் மாப்பிள்ளை. நேர்மையா உழைச்சா தானா கிடைக்கும்னு சொன்னேன்ல?”

“ஆமாங்க மாமா,” என்றான். எதிரில் இருந்த கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். பச்சைக் குழந்தை இன்னும் இறங்கவில்லை.