மலையம்மா மரம் எண்ணும் நாள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் காட்டுக்குப் புதிதாக வந்த இயக்குநர் அகாபோரிக்குக் காடு மிகவும் பிடிக்கும். கொஞ்சம் சுத்தமாக இருந்தால் இன்னும் பிடிக்கும். வசந்தத்தில் அமைச்சகத்து விருந்தினர்கள் வருகிறார்கள் என்றதும், பாதையோரம் விழுந்து கிடந்த எசோமாட்சு என்னும் பழைய ஊசியிலை மரத்தை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்.

எசோமாட்சு விதை மண்ணில் விழுந்தால் பூஞ்சை தின்றுவிடும். தப்பினால் புதர்மூங்கில் அமுக்கிவிடும். விழுந்து மட்கிய மரத்தின் முதுகில், பாசிமேல்தான் அது பிழைக்கும். இந்த மரத்தின் மேல் விரல் உயரத்தில் நின்ற கன்றுகளை நான் பல வருடமாக அளந்து வந்தேன். இதை இயக்குநரிடம் சொன்னேன். கன்றுதானே, நாற்றுப்பண்ணையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார், பெருந்தன்மையோடு.

மரம் இழுக்கும் இயந்திரம் ஒரே ஒரு நாளைக்குத்தான் வாடகைக்குக் கிடைத்தது: டிசம்பர் பன்னிரண்டு. அன்று ஹொக்கைடோவில் எங்கள் பக்கத்து மரவேலைக்காரர்கள் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். மலைத் தெய்வமான மலையம்மா தன் மரங்களை எண்ணும் நாள் அது. உள்ளே நிற்கும் மனிதனையும் மரமாக எண்ணிவிடுவாள். அப்புறம் அவன் வீடு திரும்ப மாட்டான். ஆட்கள் அவள் சின்னக் கோயிலின் முன் மோச்சி என்னும் அரிசிப் பலகாரமும் சாக்கே மதுவும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் மூடநம்பிக்கையா என்று இயக்குநர் ஓர் உரை ஆற்றினார். தானே உள்ளே போய் வேலையைத் தொடங்குவதாகவும் அறிவித்தார். இயந்திரம் ஓட்டும் தோகாஷி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"தாராளமா போங்க சார். அவ உங்கள எந்த இனத்துல சேர்ப்பான்னுதான் யோசிக்கிறேன்."

"ஊசியிலையாத்தான் இருக்கும்," என்றான் பக்கத்திலிருந்தவன். "எப்பப் பாரு குத்திக்கிட்டே இருக்காருல்ல."

இயக்குநர் காட்டைப் பார்த்தார். "இன்னிக்கு குளிரு கொஞ்சம் அதிகம்," என்று உட்கார்ந்துகொண்டார். கோப்பை கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள், மரபை மதிக்க வேண்டும் என்று இன்னோர் உரை வந்தது.

அன்று கொட்டத் தொடங்கிய பனியில், மறுநாள் எது மரம், எது மேடு என்று தெரியவில்லை. இயந்திரமும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

வசந்தத்தில் பனி உருகிக் கன்றுகள் தலை நீட்டின. விருந்தினர்களில் ஓர் அம்மாள் குனிந்து பார்த்து வியந்தார். விழுந்த மரங்களைக் காப்பது தன் நெடுநாள் கொள்கை என்று இயக்குநர் விளக்கினார். பேச்சுச் சூட்டில், இனி எந்த விழுந்த மரத்தையும் யாரும் தொடக் கூடாதென்று அங்கேயே உத்தரவும் போட்டார்.

நான் சிரிக்கவில்லை. மலையம்மாவுக்கு, தோகாஷிக்கு, பனிக்கு, ஏன், அவருக்கும் சேர்த்து, மனதார ஒருமுறை நன்றாகக் குனிந்து வணங்கினேன்.